உழைப்பும் இல்லமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





ஆண்டு விழா என்றால் இலக்கியப் பொருள் ஒன்றைக் கொடுத்துப் பேசச் சொல்வது வழக்கம். இம்முறை சங்கத்தார் "உழைப்பும் இல்லமும்" என்னும் வீட்டுப் பொருளைக் கொடுத்திருக்கிறார்கள். காரணம் இல்லாமல் கொடுக்கவில்லை. இந்தக் குடியிருப்பில் மாலை ஏழு மணிக்கு வீடுதோறும் விளக்கு எரிகிறது. ஆனால் வீட்டுத் தலைவர் பல வீடுகளில் இல்லை. அவர் இரயில்வண்டியில் இருக்கிறார். அல்லது கடையில் இருக்கிறார். அல்லது வீட்டுக்கு வந்துவிட்டும், கையில் உள்ள பேசியின் வழியே அலுவலகத்தில் இருக்கிறார். வீட்டுத் தலைவி, வெளி வேலையிலிருந்து வந்த கால் ஓயுமுன் அடுக்களையில் நிற்கிறார். குழந்தைகள் பாடப் புத்தகத்துக்கும் திரைக்கும் இடையே தனித்திருக்கிறார்கள். வீடு இருக்கிறது, குடும்பம் கூடவில்லை. இதைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உழைப்பைக் குறைத்துப் பேச நான் இங்கு வரவில்லை. நாம் உழைப்பால் வாழ்கிறவர்கள். நம்முள் சிலர், மாநில எல்லை வகுக்கப்படுவதற்கு முன்னரே இம்மண்ணில் வேர் ஊன்றிய குடும்பத்தினர். சிலர் பின்னர்த் தொழிலை நாடி வந்தவர்கள். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை எல்லைப்புற ஊர் ஆயிற்று. அந்தக் கோடு நிலத்தின்மேல் விழுந்தது, பிழைப்பின்மேல் விழவில்லை. களியக்காவிளைச் சந்தைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அறவில்லை. 1979ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை நாகர்கோவிலோடும் கன்னியாகுமரியோடும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்ட பின்னர், காலையில் ஓர் ஊரில் எழுந்து, பகலில் வேறோர் ஊரில் உழைத்து, இரவில் வீடு திரும்புவது பலருக்கு இயல்பான வாழ்க்கை ஆகிவிட்டது.

ஆகவே எல்லை என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. எல்லை என்பது பகைமைக்கான வேலி அன்று. இதுவரை ஒன்று, இதற்கு அப்பால் மற்றொன்று என்று இரண்டையும் மதித்து வகுக்கும் அளவே எல்லை. நிலத்துக்கு இத்தகைய எல்லையை அறிந்துள்ள நாம், நாளுக்கு எல்லை வகுக்க மறந்துவிட்டோம். வேலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை இல்லை.

ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்கு வீடு சேர்கிறவருக்குப் பதின்மூன்று மணி நேரம் வெளியே போய்விடுகிறது. உறக்கத்துக்கு ஏழு மணி. மிச்சம் நான்கு மணி. குளிக்கவும் உண்ணவும் உடுத்தவும் இரண்டு மணி. கடைக்குப் போவது, கணக்குப் பார்ப்பது, பேசிக்கு மறுமொழி சொல்வது என்று ஒன்றரை மணி. எஞ்சுவது அரை மணி. அந்த அரை மணியை முழுவதும் குழந்தையோடு கழித்தாலும், ஓர் ஆண்டில் 182 மணி நேரம்தான். நாளாகக் கூட்டினால் ஏழரை நாளுக்குச் சற்று மிகுதி. விடுமுறை நாள்களும் இவ்வாறே கழிந்தால், ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரை பத்தாண்டுகளில் தந்தையோடு அந்தக் குழந்தை இருந்தது 76 நாள். யாருக்காக உழைக்கிறோம் என்று கேட்டால் "குழந்தைகளுக்காக" என்கிறோம். அந்தக் குழந்தைக்குக் கிடைத்ததோ பத்தாண்டில் இரண்டரை மாதம். இது வருந்தத்தக்க கணக்கன்றோ?

ஓய்வு கேட்பது சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் தொழிலாளர் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாளின் இருபத்து நான்கு மணியை உழைப்புக்கும் உறக்கத்துக்கும் சொந்த வாழ்வுக்கும் மூன்று சம கூறாகப் பங்கிட வேண்டும் என்று சொன்னவர் இராபர்ட் ஓவன். அவர் தொழிலாளி அல்லர், பஞ்சாலையை நடத்தியவர். 1886 மே மாதத்தில் எட்டு மணி நேர வேலைக்காக அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிகாகோ நகரில் இரத்தம் சிந்தியது. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியது. ஆலைத் தொழிலுக்கு வாரம் 48 மணி என்று அது வரையறுத்தது. ஆனால் அன்று அந்நியர் ஆட்சியில் இருந்த இந்தியாவுக்கு 60 மணி என்று தனி அளவு வைத்தது.

அந்த அறுபது குறைந்த கதை நம் நாட்டுக் கதை. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாரம் 60 மணி. 1934இல் நிலையான ஆலைகளுக்கு 54 மணி. 1946இல் 48 மணி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அந்த 48 மணியையே உறுதி செய்து, வார விடுமுறையையும், மிகை நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலியையும் வைத்தது. இவை தாமாக வரவில்லை. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் அதில் முன்னின்று உழைத்தார்கள். நண்பகல் உணவுக்குக் கொடுக்கும் இடைவேளை போதவில்லை என்பது அந்த ஆலைத் தொழிலாளர்கள் எடுத்துரைத்த குறைகளுள் ஒன்று. எண்ணிப் பாருங்கள்: உட்கார்ந்து அமைதியாக ஒரு வேளை உண்பதற்காக மனிதர் சங்கம் கூட வேண்டியிருந்தது. 1923 மே முதல் நாள் சென்னையில் சிங்காரவேலர் நாட்டிலேயே முதன்முறையாக மே நாள் கொண்டாடினார். ஓய்வு என்பது முன்னோர் நமக்குப் போராடிப் பெற்றுத் தந்த சொத்து. சொத்தைக் கவனியாமல் விட்டால் கைவிட்டுப் போகும். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை செய்ய இடந்தரும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததால், அவ்வாண்டு மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் காவல் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் நண்பர்களே, சட்டம் ஆலை வாயிலோடு நின்றுவிடுகிறது. நம்மில் பலர் ஆலையில் இல்லை. சொந்தக் கடை, சிறு தொழில், தையல், வீட்டோடு சேர்ந்த பட்டறை என்று வாழ்கிறோம். அங்கே மணி அடிக்கச் சங்கும் இல்லை; போதும் என்று சொல்ல அதிகாரியும் இல்லை. முதலாளியும் நாமே, தொழிலாளியும் நாமே. நம்மைப் போல் நம்மிடம் வேலை வாங்கும் கடுமையான முதலாளி வேறு யாரும் இல்லை. சட்டம் எட்டாத இடத்தில் எல்லையை யார் வகுப்பது?

இதற்கு விடை காண நாம் தொலைவு போக வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே, இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் பாலராமபுரம் இருக்கிறது. திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் நெசவுக் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. தமிழகத்துப் பக்கமிருந்து வந்த சாலியர் குடும்பங்கள் அவை. நம்மைப் போலவே, நமக்கு முன்னரே, பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள். அவர்கள் நெய்த மெல்லிய பருத்தித் துணியும் கசவு வேட்டியும் சேலையும் இன்று புவிசார் குறியீடு பெற்ற புகழுக்கு உரியவை.

அந்தத் தெருவின் வாழ்க்கையில் நாம் கற்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கே வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. வீட்டுக்குள்ளேயே குழித்தறி. காலைக் குழியில் விட்டு மிதியை மிதித்து அமர்ந்தால் தொழில். எழுந்து இரண்டடி வைத்தால் அடுக்களை. இவ்வளவு நெருங்கி இருந்தால் வேலை வீட்டை விழுங்கியிருக்க வேண்டும். ஆயினும் அந்தத் தொழிலுக்கு இயல்பாகவே சில எல்லைகள் இருந்தன. பாவுக்குக் கஞ்சி போடுவது விடியற்காலை வேலை. தெரு நெடுக நூலை நீட்டிக் கட்டி, பலர் இருபுறமும் நின்று, பசை ஏற்றித் தூரிகையால் நீவ வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நூல் விரைந்து காய்ந்து முறியும். ஆகவே வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஒருவர் தனியே செய்ய இயலாத வேலை அது. இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ என்று தெரு முழுவதும் ஒன்றுகூட வேண்டும். மெல்லிய நூலின் இழை அறுந்தால் கண்டு முடிய நல்ல வெளிச்சம் வேண்டும். பொழுது சாய்ந்தால் நெசவாளரின் கண் வேலையை நிறுத்தச் சொல்லும். காலைக்குக் கதிரவன் ஓர் எல்லை. மாலைக்குக் கதிரவன் ஓர் எல்லை. நடுவே அயலாரின் துணை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் பாடவில்லை. தறியில் கூலி குறைவு. தார் சுற்றும் பெண்ணின் உழைப்பு, நெய்கிறவர் கூலியிலேயே அடங்கிப் போவது குடும்பத் தறியின் வழக்கம். பல வீட்டுப் பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலைக்குச் சென்றதற்கும் காரணம் உண்டு. நான் சொல்ல வருவது இதுதான். அந்தத் தெருவில் எல்லையை வகுத்தது தனி மனிதருடைய மன உறுதி மட்டும் அன்று. வெளிச்சமும் தெருவும் சேர்ந்து வகுத்தன. எல்லோரும் ஒரே வேளையில் தொடங்கினார்கள். எல்லோரும் ஒரே வேளையில் நிறுத்தினார்கள். அயல்வீட்டுத் தறி ஓசை நின்றபோது, தன் தறியை நிறுத்துவது எளிதாயிற்று.

இன்று நமக்கு அந்த இரண்டு எல்லைகளும் இல்லை. மின்விளக்கு பொழுதை நீட்டித்தது. கைபேசி இடத்தை அழித்துவிட்டது. பாறசாலையில் படுக்கையில் சாய்ந்திருப்பவரைத் திருவனந்தபுரத்து மேலாளர் ஒரு நொடியில் எழுப்பிவிடலாம். பிற நாட்டவர் இதை உணர்ந்து செயற்படத் தொடங்கியிருக்கிறார்கள். பிரான்சு நாட்டில், வேலை நேரம் கடந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி நிறுவனங்கள் தொழிலாளரோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்னும் சட்டம் 2017 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. போர்ச்சுகல் நாடு 2021இல் வேலை நேரத்துக்கு வெளியே பணியாளரைத் தொடர்பு கொள்வதைத் தடுத்துச் சட்டம் செய்தது.

இது வெறும் மன அமைதிக்கான பேச்சன்று. உயிரைப் பற்றிய பேச்சு. உலகச் சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து செய்த ஆய்வை 2021இல் வெளியிட்டன. நீண்ட நேர வேலையின் காரணமாக, 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7 இலட்சத்து 45 ஆயிரம் பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தனர் என்று அவை மதிப்பிட்டன. வாரம் 35 முதல் 40 மணி வரை உழைப்பவரை நோக்க, 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி. இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு மிகுதி. வாரம் 55 மணி என்பது நம் கடைக்காரர்களுக்குப் பெரிய எண்ணாகத் தோன்றாது. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஆறு நாள் கடையில் நின்றால் 72 மணி ஆகிறது.

நம் ஊரைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் உள்ளன. பால் வெட்டுகிறவர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் என்று அவர்கள் பொழுது புலருமுன் எழுகிறார்கள். ஆயினும் ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டுவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாளோ, அதற்கும் கூடுதலான இடைவெளி விட்டோ வெட்டுகிறார்கள். பட்டைக்குள் பால் மீண்டும் ஊற மரத்துக்குக் காலம் வேண்டும். பேராசையால் இடைவிடாமல் வெட்டினால் பட்டை வறண்டு, கத்தி பட்டாலும் பால் வராமல் நின்றுவிடும். மரத்துக்கு ஓய்வு கொடுப்பது விளைச்சலுக்கு நட்டம் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வதில்லை. அதுவே விளைச்சலுக்குக் காவல் என்கிறார். மரத்தின் இயல்பை இவ்வளவு நுட்பமாக அறிந்த மனிதர், தம் உடம்பை மட்டும் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் வெட்டிக்கொண்டிருக்கிறார்!

இனித் தாய்மார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலையையும் வாழ்வையும் சமன் செய்வது பற்றி ஆடவர் பேசும்போது, அலுவலகத்தை ஒரு தட்டிலும் வீட்டை மற்றொரு தட்டிலும் வைக்கிறார்கள். வீடு என்றால் ஓய்வு என்று கொள்கிறார்கள். வீடு யாருக்கு ஓய்வு? இந்திய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! குழந்தையையும் முதியோரையும் பேணும் நேரம் இதில் சேரவில்லை. வெளியே சென்று உழைத்துவரும் பெண்ணுக்கு இதுவும் மேலே சேர்கிறது. ஆடவரின் ஓய்வு, பெண்டிரின் மிகை நேர வேலையால் வாங்கப்படுமானால், அதைச் சமன் என்று சொல்வது முறையாகாது. அந்த மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலியும் இல்லை.

கடையில் பணிபுரியும் பெண்களின் நிலை இன்னும் நினைக்கத் தக்கது. நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்து, அமர்ந்தால் குற்றம் என்ற நிலையில் இருந்தார்கள். கோழிக்கோட்டில் அத்தகைய பெண்கள் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினார்கள். கேரளத்தில் 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, கடைப் பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்பது விதி ஆயிற்று. தமிழ்நாடு 2021இல் அத்தகைய திருத்தத்தைச் செய்தது. எல்லைக்கு இருபுறமும் அமரும் உரிமை கிடைத்தது. கடையில் அமரும் உரிமை பெற்ற பெண், வீட்டுக்கு வந்து அமர முடிகிறதா? அதற்குச் சட்டமன்றம் விதி செய்ய இயலாது. கணவரும் மக்களும்தான் செய்ய வேண்டும்.

இப்போது, நம் சங்கத்துக்கே உயிரான செய்திக்கு வருகிறேன். மற்றவர்க்கு வீட்டு நேரம் குறைந்தால் இழப்பது அன்பையும் உடல்நலத்தையும் மட்டும். நமக்கு மூன்றாவது இழப்பு ஒன்றும் உண்டு. அது மொழி.

நம் குழந்தைகள் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பயில்கிறார்கள். அது நல்லதே. வாழும் மண்ணின் மொழியை மதித்துக் கற்பது நம் கடமை. மலையாளம் நமக்கு அயல்மொழியும் அன்று, உடன்பிறப்பு மொழி. ஆனால் தமிழ் எங்கே கற்கப்படுகிறது? பள்ளியில் இல்லை. தெருவில் இரண்டும் கலந்த பேச்சு. தொலைக்காட்சியில் வருவது ஒருவழிப் பேச்சு. அது குழந்தையைக் கேள்வி கேட்பதில்லை, குழந்தையின் மறுமொழியைக் கேட்பதும் இல்லை. நம் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பள்ளி, இரவு உணவு உண்ணும் இடமே. "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று தந்தை கேட்க, குழந்தை மறுமொழி சொல்ல, பாட்டி இடையே புகுந்து பழைய கதை ஒன்றைச் சொல்ல, அம்மா அந்தக் கதையைத் திருத்த, அங்கேதான் மொழி ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்கிறது. அந்த அரை மணி நேரம் போய்விட்டால், தமிழ் போய்விடும். எழுத்து பிறகு கற்றுக்கொள்ளலாம். சங்கம் வகுப்பு நடத்தலாம். பேச்சின் சுவையையும், உறவுமுறைச் சொற்களின் நயத்தையும், கேலியையும் கொஞ்சலையும் வகுப்பில் கற்பிக்க இயலாது.

பாலராமபுரத்துத் தெருவை மீண்டும் நினையுங்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் மலையாள நாட்டின் நடுவே அவர்கள் தம் தமிழ்த் தொடர்பைக் காத்தார்கள் என்றால், பாவு நீட்டிய காலைப் பேச்சும், தறியருகே தார் சுற்றிய பகற்பேச்சும் அதற்குத் துணை செய்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். நாம் இன்று ஒரே வீட்டில் நான்கு திரைகளைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்தால், இருபதாண்டில் நம் ஆண்டு மலரைப் படிக்க நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இருப்பார்கள்?

திருவள்ளுவர் இதற்கு வழி காட்டியிருக்கிறார். முயற்சியை வற்புறுத்தி ஆள்வினையுடைமை என்றும், சோம்பலைக் கண்டித்து மடியின்மை என்றும் அதிகாரம் வகுத்தவர் அவர். ஆனால் அவை பொருட்பாலில் வருகின்றன. இல்வாழ்க்கையையும் மக்கட்பேற்றையும் அவர் அறத்துப்பாலில் முன்னரே வைத்துவிட்டார். முயற்சி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. முயற்சி எதன்மேல் நிற்க வேண்டும் என்பதை நூலின் அமைப்பே உணர்த்துகிறது.

"ஐயா, பேச்சு நன்றாக இருக்கிறது. வீட்டு வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் வட்டியையும் யார் கட்டுவது?" என்று சிலர் மனத்துக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. நேர்மையான கேள்வி. நாட்கூலிக்கு உழைப்பவருக்கு ஒருநாள் ஓய்வு என்பது ஒருநாள் அடுப்பு. அவரிடம் போய் ஓய்வின் பெருமையைப் பேசுவது அறமன்று. அவருக்கு வேண்டுவது நியாயமான கூலியும் கூலியோடு கூடிய விடுமுறையும். அதை வாங்கித் தருவது சங்கங்களின் கடமை. நம்மிடம் வேலை செய்பவராயின் அதைத் தருவது நம் கடமை. நம் கடைப் பையனுக்கும், நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மையாருக்கும் வார விடுமுறை உண்டா என்று இன்றிரவே ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்கும் வாய், பிறர்க்கு அதை மறுக்கலாகாது.

ஆனால் நம்முள் எல்லோரும் அந்த நிலையில் இல்லை. வேண்டிய அளவு வந்த பின்னும், அயலார் வீடு இரண்டு மாடி ஆகிவிட்டது என்பதற்காக ஓடுகிறவர்களும் உண்டு. கடை திறந்திருக்க வேண்டுமே என்பதற்காக, வாங்க வருவார் இல்லாத இரவிலும் விளக்கெரித்து அமர்ந்திருப்பவர்களும் உண்டு. அடுத்த கடை திறந்திருக்கிறது என்று இவர் திறந்து வைக்கிறார். இவர் கடை திறந்திருக்கிறது என்று அவர் திறந்து வைக்கிறார். இருவர் வீட்டிலும் குழந்தைகள் உறங்கிவிடுகின்றன. ஒருவர் மட்டும் மூடினால் வணிகம் போய்விடும் என்னும் அச்சம் இயல்பே. இருவரும் பேசி ஒரே வேளையில் மூடினால் யாருக்கும் இழப்பு இல்லை. நெசவுத் தெரு நமக்குக் கற்பிக்கும் பாடம் இங்கேதான் பயன்படுகிறது. எல்லையைக் கூடி வகுத்தால் காப்பது எளிது.

ஆகவே, இந்த அவையின் முன் நான்கு வேண்டுகோளை வைக்கிறேன். பெரிய தியாகம் எதையும் நான் கேட்கவில்லை.

முதலாவது, நாளில் ஒரு வேளையேனும் குடும்பம் சேர்ந்து அமர்ந்து உண்ண வேண்டும். இரவு இயலாதவர்கள் காலையில் செய்யலாம். அந்த அரை மணியில் கைபேசிகள் எல்லாம் வேறொரு அறையில் இருக்கட்டும். பெரியவர்களுடையதும் அங்கேயே இருக்கட்டும். பேச்சு தமிழில் நடக்கட்டும்.

இரண்டாவது, குடியிருப்பைச் சார்ந்த கடைக்காரர்கள் கூடிப் பேசி, வாரத்தில் ஒரு மாலையேனும் ஒரே வேளையில் கடையடைக்க முடிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளரும் அதை அறிந்துகொண்டு முன்னதாக வாங்கிக்கொள்வார்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஆடவரும் ஆண் பிள்ளைகளும் வீட்டு வேலைகளுள் ஒன்றை முழுப் பொறுப்பாக ஏற்க வேண்டும். "உதவி செய்கிறேன்" என்று சொல்லாமல், "இது என் வேலை" என்று சொல்லி ஏற்க வேண்டும். பாத்திரம் துலக்குவதாயினும் சரி, துணி துவைப்பதாயினும் சரி. தாய் அமரும் வீட்டில்தான் பேச்சு நிகழும்.

நான்காவது வேண்டுகோள் நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு. கூட்டம் என்ற பெயரால் ஞாயிற்றுக்கிழமை மாலைகளை எல்லாம் எடுத்துக்கொள்ளாதீர்கள்! (சிரிப்பு, கைதட்டல்.) இயன்றவரை குடும்பத்தோடு வரக்கூடிய கூட்டமாக வையுங்கள். முதியோர் கதை சொல்லும் மாலை, பிள்ளைகள் பேசும் மாலை என்று அமையுங்கள். தமிழைக் காக்கும் சங்கம், தமிழ் வாழும் வீட்டிலிருந்து ஆட்களைப் பிரித்துவிடலாகாது.

பெரியோர்களே, நாம் ஊர் விட்டு ஊர் வந்ததும், எல்லை கடந்து இரயில் ஏறுவதும், விடியுமுன் எழுவதும் வீட்டுக்காகவே. வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று வீட்டை விட்டு வெளியேறுகிறோம். அந்தப் பயணத்துக்குத் திரும்பும் நேரமும் உண்டு என்பதை மறவாதிருப்போம். உழைப்பு நம் குடும்பத்துக்கு அடித்தளமாக இருக்கட்டும். அடித்தளத்தை மட்டும் நாள்தோறும் ஆழமாகத் தோண்டிக்கொண்டே இருந்தால், மேலே சுவர் எழும்பாது.

அடுத்த ஆண்டு இதே விழா நாளில் நாம் கூடும்போது, இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியரை மேடைக்கு அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்குமாறு செயலாளரை வேண்டிக்கொள்கிறேன். "உங்கள் தந்தையும் தாயும் உங்களுக்குச் சொன்ன கதை ஒன்றைத் தமிழில் சொல்லுங்கள்" என்பதே அந்தக் கேள்வி. அவர்கள் சொல்லும் மறுமொழியே நம் அனைவருக்கும் தேர்வு முடிவு. அந்தத் தேர்வில் எல்லா வீடுகளும் வெற்றி பெற வேண்டும் என்று வாழ்த்தி, இவ்வளவு நேரம் பொறுமையோடு செவிமடுத்த உங்களை உரிய நேரத்தில் வீட்டுக்கு அனுப்புவதே என் பேச்சுக்கும் பொருத்தம் என்பதால், இத்துடன் விடைபெறுகிறேன்.